மழைக்கு அரைப்பேர்

அத்தியாயம் 17

சுலக்ஷனா அந்தக் கடிதத்தை ஐந்தாவது முறையாகப் படித்தாள். ஐந்து முறை படித்தால் ஆங்கிலம் கொஞ்சம் இளகிக் கொடுக்கும் என்று நினைத்தாளோ என்னவோ. இளகவில்லை.

அனுப்பியவர் கணேசமூர்த்தி முதலாளி. ஹட்டன் டவுனில் ஆபீஸ், நல்லதண்ணியில் முப்பது அறை விடுதி, முகம் நிறையச் சிரிப்பு, இவ்வளவும் உடையவர். சிவனொளிபாதமலைக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்தபடியே அறை பதிந்துகொள்ள ஒரு வெப்சைட் செய்து கொடு என்று சென்ற மே மாதம் இவளிடம் கேட்டார். இவளும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், குடியிருக்கும் காம்பராவில், அரிசிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்த பழைய கம்ப்யூட்டரில் மூன்று மாதம் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். பேசிய கூலியை அவரும் கொடுத்தார். அதில் எந்த வழக்கும் இல்லை.

வழக்கு வந்தது போன வாரம். கொழும்புக் கம்பனி ஒன்று அந்தப் பதிவு முறையை அப்படியே விலைக்குக் கேட்டிருக்கிறது. 'எழுதியதெல்லாம் முதலாளிக்கே சொந்தம்' என்று ஒரு தாளை அவள் முன்னால் நீட்டினார் முதலாளி. அவள் பேனாவை மூடி அந்தத் தாளின் மேலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

எழுந்து வராமல் என்ன செய்வாள்? நல்லதண்ணியில் தெருவோரமாக ஆறு சின்ன வீடுகள். இரண்டு அறை, மூன்று அறை, அவ்வளவுதான். சீசனில் யாத்திரைக்காரர்களுக்கு விட்டுப் பிழைக்கிறவர்கள். கடை வைத்திருக்கும் வீரய்யா அண்ணனை முன்னால் விட்டுக்கொண்டு ஆறு வீட்டுக்காரர்களும் அவளிடம் வந்திருந்தார்கள். முதலாளிக்கு எழுதியதையே கொஞ்சம் மாற்றி எங்களுக்கும் போட்டுக் கொடு தங்கச்சி என்றார்கள். சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அவர்களும் அந்த வெப்சைட்டுக்கு ஒரு பேர் வைத்து நோட்டீசும் அடித்துவிட்டார்கள். சீசன் தொடங்க இன்னும் பன்னிரண்டே நாள். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டால், தான் எழுதியதைத் தானே தொட முடியாது.

லயத்தில் இதற்கு வேறு கதை ஓடிக்கொண்டிருந்தது. தான் எழுதிய புரோகிராமைக் கோட், கோட் என்று சொல்லி அவள் தொலைபேசியில் சண்டை போட்டதை யாரோ கேட்டுவிட்டார்கள். முதலாளிக்கும் அழகுமுத்து மகளுக்கும் ஒரு கோட்டு யாருக்கு என்று தகராறாம். அது கம்பளிக் கோட்டா, மழைக் கோட்டா என்பதில்தான் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் இன்னும் முடிவாகவில்லை.

நேற்றுத் தபாலில் வந்த இந்தக் கடிதம் தகராறை ஒரே அடியில் முடிக்கப் பார்த்தது. '2006 மே முதல் ஜூலை வரை நீர் எங்கள் ஆபீஸ் ஊழியர். வரவுப் புத்தகத்தின் பிரதி இத்துடன் உள்ளது. ஊழியர் எழுதியது நிறுவனத்துக்கே சொந்தம். புதன்கிழமை பதினொரு மணிக்கு, கம்பனிக்காரர் முன்னிலையில் அனைத்தையும் ஒப்படைக்கவும்.'

இன்றைக்குப் புதன்கிழமை.

"அது என்னா புள்ள, கட்டம் கட்டமா?"

அம்மா ராசம்மா இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். காலையில் பெரட்டுக் களத்துக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு ஏற வேண்டும். இருபத்தெட்டு வருடமாகக் கொழுந்து பறிக்கிறாள்.

"வரவுப் புத்தகம்மா. நான் அவரு ஆபீசுக்குத் தெனமும் வேலைக்குப் போனேனாம். மூணு மாசம்."

"நீயா? பீலிக்குப் போய் ஒரு கொடம் தண்ணி கொண்டாடின்னாகூட அந்தப் பொட்டிய விட்டு எந்திரிக்கல. நீ ஹட்டனுக்குப் போனியா?"

"அது நமக்குத் தெரியும். நீங்க சொன்னா, தாய் மகளுக்குத்தான் பேசுவாம்பாங்க. அவருகிட்ட புத்தகம் இருக்கு."

ராசம்மா மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். ஆனால் திகதியும் இலக்கமும் அவளை ஏமாற்ற முடியாது. விரலை ஒரு கட்டத்தில் வைத்தாள்.

"இது என்னா, ஒண்ணுக்குக் கீழ ரெண்டு?"

"அரை. அன்னைக்கு அரை நாள்தான் வேலை செஞ்சேனாம்."

"அரப்பேரா?"

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு 'ஒரு பேர்' என்பார்கள். மழை கொட்டி, பன்னிரண்டு மணிக்கு ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அன்றைக்கு அரைப்பேர். அது கொழுந்து மலைக்கு உள்ள வழக்கம். கூரைக்குக் கீழே மேசை போட்டு உட்காரும் ஆபீசுக்கு ஏது அரைப்பேர்?

ராசம்மாவின் விரல் அடுத்தடுத்த கட்டங்களுக்குப் போனது. மே இருபத்து மூன்று. ஜூன் ஆறு, ஏழு. ஜூன் பதினாலில் நின்றது.

"பதினாலு, மடுவத்து மேல மரம் வுழுந்த நாளு. கொழுந்து நிறுக்கிற தராசுகூட நசுங்கிப் போச்சே. எங்களயெல்லாம் பன்னெண்டு மணிக்கு வூட்டுக்குத் தொரத்தி அரப்பேரு போட்டாங்க."

ராசம்மா விரலை எடுத்தாள். சுவர்ப் பலகையிலிருந்த பிஸ்கட் டின்னை இறக்கினாள். அதற்குள் அவளுடைய அட்டைகள் இருந்தன. ஒவ்வொரு நாளும் பறித்த கொழுந்தின் நிறையும் கிடைத்த பேரும் குறிக்கிற அட்டைகள். மே, ஜூன், ஜூலை மூன்றையும் எடுத்துப் பிரதிக்குப் பக்கத்தில் பரப்பினாள்.

ஒன்பது அரைப்பேர். ஒன்பதும் அதே நாட்களில். ஜூலை பத்தும் பதினொன்றும் பேரே இல்லை. இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை.

"அந்த ரெண்டு நாளும் அட்ட கடிச்சி எங் காலு வீங்கிக் கெடந்தேன்," என்றாள் ராசம்மா. பிறகு குரல் உயர்ந்தது. "அடியே, இது ஒம் பேரு இல்லடி. இது எம் பேரு!"

சுலக்ஷனா அம்மாவைப் பார்க்கவில்லை. பிரதியிலிருந்த அந்த ½ குறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டின் வாலைக் கட்டத்துக்கு வெளியே நீள இழுத்துவிட்டிருந்தது. அந்த வாலை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

அவளுடைய அப்பா அழகுமுத்து இருபது வருடம் கங்காணியாக இருந்தவர். மலையில் நின்றுகொண்டு, சட்டைப் பைக்குள் அடங்குகிற சின்னப் புத்தகத்தில் ஆட்களுக்குப் பேர் போட்டவர். முழங்கால் ஏறி இறங்க மறுத்த பிறகு மலையை விட்டார். நான்கு வருடமாக அதே கணேசமூர்த்தி முதலாளி ஆபீசில்தான் வேலை. கதவு திறப்பது, கோப்பு அடுக்குவது, புத்தகங்கள் எழுதுவது. இன்றைக்கும் ஆறு மணி பஸ்ஸுக்கே போய்விட்டார். நேற்று இந்தக் கடிதத்தை அவள் நீட்டியபோது, கண் தெரியவில்லை என்று சொல்லி வாங்கிப் பார்க்காமலே படுக்கப் போனார்.

அந்த பிஸ்கட் டின்னுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்கள் மூன்றே பேர். இரண்டு பேர் இங்கே நிற்கிறார்கள்.

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. முதலாளி பொய் எழுதினால் அது அவருடைய வியாபாரம். இந்த மனிதர் எழுதலாமா? மூன்று மாதமும் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, கண்ணு வலிக்கும் புள்ள, போதும் என்று விளக்கை அணைத்தவர் இவர்தானே!

கோபத்துக்குப் பின்னாலேயே பயமும் வந்தது. இந்த அட்டைகளைக் கொண்டுபோய் வைத்தால் புத்தகம் பொய் என்று ஆகிவிடும். எழுதிய கை யாருடையது என்பதும் தெரிந்துவிடும். வைக்காவிட்டால் எழுத்து போய்விடும், ஆறு வீட்டுக்குக் கொடுத்த வாக்கும் போய்விடும்.

ராசம்மா படங்கைக் கழற்றிக் கொடியில் போட்டாள்.

"பெரட்டுக்குப் போகலையாம்மா?"

"இன்னைக்கு எனக்குப் பேரு வேணாம். மூணு மாசப் பேர களவாண்டு வச்சிருக்காங்க. அத மொதல்ல வாங்கிட்டு வாரேன்."

நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஹட்டனுக்குப் போகிற பஸ்ஸில் இரண்டு பேரும் நின்றுகொண்டே போனார்கள். பாதி வழியில் ராசம்மா மகளின் காதோரம் குனிந்தாள்.

"ஒங்கப்பன அடிக்கிறதா இருந்தா நாந்தான் அடிப்பேன். நீ கை வைக்காத. நீ ஒன் கோட்டுக்கு மட்டும் சண்ட போடு."

சுலக்ஷனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேண்டாத நேரத்தில் வந்த சிரிப்பு என்றாலும் அதுதான் அவளை ஆபீஸ் படி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். முதலாளி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே கொழும்புக் கம்பனியின் ஆள், கண்ணாடி போட்ட இளைஞன், பெயர் ஆரூரன். சொந்த ஊர் யாழ்ப்பாணம் என்பது அவன் வாயைத் திறந்த உடனே தெரிந்தது. சுவரோரம், கோப்பு அடுக்குக்கு முன்னால் அழகுமுத்து. மகளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால் மனைவியையும் பார்த்ததும் கையிலிருந்த கோப்பைத் தலைகீழாக அடுக்கினார்.

"வா புள்ள, வா," என்று சிரித்தார் முதலாளி. "அம்மாவையும் கூட்டிட்டு வந்துட்டியா? நல்லதாப் போச்சு. இவ்வளவுதான் விசயம். கூலி குடுத்தேன், வேல வாங்கினேன். கூலி வாங்குனவ கொழுந்த வூட்டுக்கா கொண்டு போறா? மடுவத்துலதான கொட்டுறா?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்த்திருந்தாள். ஒரு வாரமாக அவளே தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி.

"தோட்டத்துச் செடியில பறிச்சா தோட்டத்துக் கொழுந்து முதலாளி. இது நான் நட்ட செடி. அதுல பறிச்சி உங்களுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தேன். குடிங்க, வேண்டிய மட்டும் குடிங்க. குடிச்சிட்டு செடியையும் புடுங்கிட்டுப் போறேன்னா எப்படி?"

ஆரூரன் லேசாகச் சிரித்தான்.

"தங்கச்சி, எங்களுக்கு ஒண்டுதான் தெரிய வேணும். நீங்கள் இவரிட்ட சம்பளத்துக்கு வேலை செய்யேக்க எழுதினதெண்டா அது அவற்ற. வெளி ஆளா இருந்து எழுதிக் குடுத்ததெண்டா, பேப்பரில எழுதி மாத்தாத வரைக்கும் அது உங்கட. இந்த ஐயா, நீங்கள் தன்னட்ட வேலை செய்தனீங்கள் எண்டு புத்தகம் காட்டுறார்."

புத்தகம் மேசையில் விரித்தபடி இருந்தது.

சுலக்ஷனாவின் கை பையில் இருந்தது. பைக்குள் அட்டைகள். அப்பா கோப்பு அடுக்குக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அவர் சட்டைக் கழுத்து கிழிந்து தைத்திருந்தது அப்போதுதான் அவள் கண்ணில் பட வேண்டுமா? கை எழும்பவில்லை.

ராசம்மா அவள் கையிலிருந்து பையைப் பிடுங்கினாள். மூன்று அட்டைகளையும் புத்தகத்தின் மேல் ஒவ்வொன்றாக வைத்தாள்.

"இது என்னாதுங்க முதலாளி, எம் மகளுக்கு அரப்பேரு போட்டிருக்கீங்க?"

"அது... அன்னைக்கு அரை நாள் வேல."

"ஒம்பது நாளு. ஒம்பதும் மழ நாளு. எனக்கு மலையில மழ பேஞ்சா, இவளுக்கு இங்க கம்ப்யூட்டரு மேல பேஞ்சிச்சா?"

"மழைக்கு வேல ஓடாது, நான்தான் வூட்டுக்கு அனுப்பினேன்." முதலாளியின் சிரிப்பு இன்னும் முழுதாகக் கலையவில்லை.

"சரிங்க. ஜூலை பத்தும் பதினொண்ணும்? அட்ட கடிச்சி எங் காலு வீங்குன நாளு. எங் காலு வீங்குனா ஒங்க ஆபீசுல எம் மகளுக்குப் பேரு இல்லையா?"

ஆரூரன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். ஒரு விரலை அட்டையிலும் ஒரு விரலைப் புத்தகத்திலும் வைத்து, நாள் நாளாகக் கீழே இறங்கினான். ஜூலை முப்பத்தொன்று வரைக்கும் இறங்கிவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"ஐயா, இந்தப் புத்தகம் ஆர் எழுதினது?"

முதலாளி கெட்டிக்காரர். ஒரு நொடி கூட எடுக்கவில்லை.

"அழகுமுத்துதான். புத்தகமெல்லாம் அவன் பொறுப்பு. அவன் என்னா கிறுக்கி வச்சிருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"முதலாளி!" என்றாள் சுலக்ஷனா. என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. அப்பா மேல் உள்ள கோபம் அப்பாவுக்கும் அவளுக்கும் நடுவில் இருக்கிறது. அதில் இந்த மனிதர் கை நனைக்க என்ன இருக்கிறது?

அழகுமுத்து கையை உயர்த்தினார். மலையில் ஆட்களை நிறுத்துகிற பழைய கை.

"இரு புள்ள." மேசைக்கு வந்தார். "நான்தாங்க எழுதுனேன். போன வெள்ளிக்கெழம. மூணு மாசத்தையும் ஒரே உக்காருல, இதே மேசையில. முதலாளி எழுதச் சொல்லிப் பக்கத்துலயே நின்னாரு. எழுதாட்டி வேல இல்லைன்னாரு. ஆபீஸ் ஒழுங்குக்குத்தான்னும் சொன்னாரு. எனக்கு வெளங்காம இல்ல. தெரிஞ்சேதான் எழுதுனேன்."

"அழகுமுத்து, வாய மூடு."

"மூடித்தான் இருந்தேன் முதலாளி, அஞ்சு நாளா. சோறு எறங்கல." ஆரூரன் பக்கம் திரும்பினார். "எம் மக ஒரு நாளும் இந்தப் படி ஏறி வேல செஞ்சதில்லீங்க. அவ எழுதுனது எங்க காம்பராவுல. நான் கங்காணியா இருந்து இருவது வருசம் பேரு போட்டவன். வேலைக்கி வராத ஆளுக்கு ஒரு பேரு போட்டதில்ல. இதுதான் மொதலும் கடைசியும்."

ஆரூரன் தன் பையை மூடினான்.

"எழுதினவவின்ர கையெழுத்து இல்லாம எங்கட கம்பனி இதைத் தொடாது ஐயா." ஒரு விசிட்டிங் கார்டை சுலக்ஷனாவிடம் நீட்டினான். "நீங்கள் விக்கிறதெண்டா நேர எனக்குச் சொல்லுங்கோ."

"இப்ப விக்கிறதுக்கு இல்லீங்க." கார்டை வாங்கிக்கொண்டு முதலாளியைப் பார்த்தே சொன்னாள். "உங்க விடுதிக்கு நீங்க எப்பவும் பாவிக்கலாம் முதலாளி. அதுக்குத்தான் கூலி வாங்கினேன், அதுல நான் பின்வாங்க மாட்டேன். ஆனா அத வேற யாருக்குக் குடுக்கிறதுங்கிறது என்னோட விருப்பம். நல்லதண்ணியில ஆறு வீட்டுக்கு மொதல்ல குடுக்கப் போறேன்."

முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். போன சிரிப்பு திரும்பி வந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"குடு புள்ள, தாராளமாக் குடு. ஆனா ஒண்ணு. அந்த ஆறு பேரும் ஒரு பேரு வச்சி, நோட்டீஸ் அடிச்சி, கொழும்பு வரைக்கும் அனுப்பிட்டாங்களே. அந்தப் பேர இன்டர்நெட்டுல யாரு பதிஞ்சான்னு பாத்தியா?" மேசை இழுப்பறையைத் தட்டினார். "திங்கக்கெழமையே நான் பதிஞ்சிட்டேன். நோட்டீசப் பாத்து அந்தப் பேர அடிக்கிறவன் எல்லாம் என் விடுதிக்குத்தான் வருவான்."

நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன் பேரைப் பதிந்திருக்க வேண்டும். இந்தச் சண்டையில் ஒரு வாரம் தள்ளிப்போட்டது அவள் தப்பு. அதை இந்த மனிதர் முன்னால் காட்டிக்கொள்ளவும் கூடாது.

"பேர வச்சிக்கங்க முதலாளி. வேல நடக்காத எடத்துல பேரு போட்டா என்னா ஆகும்னு இப்பத்தான் பாத்தீங்க."

ராசம்மா அட்டைகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மூன்று பேரும் வெளியே வந்தார்கள்.

வாசலில் மழை பிடித்துக்கொண்டிருந்தது. அழகுமுத்துவின் குடை உள்ளே ஆணியில் தொங்குவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். எடுக்கப் போகவில்லை.

பக்கத்துக் கடை இறவாணத்தின் கீழ் ஒதுங்கினார்கள்.

"ஒங்களுக்கு வேற அட்ட கெடைக்கலியா? எம் பேரத்தான் எடுத்தீங்களா?" என்றாள் ராசம்மா.

"பொய்யா நாளு போட கை வரல புள்ள. பேனாவப் புடிச்சிட்டுச் சும்மாவே உக்காந்திருந்தேன். மக்கா நாளு, வெள்ளிக்கெழம காலையில ஒன் அட்டைய எடுத்துட்டு வந்தேன். நெசமா வேல செஞ்ச ஒரு ஆளோட நாளாத்தான் எழுத முடிஞ்சிது."

"மக்கா நாளா? அப்ப வியாழன்லேருந்தே தெரியுமா?" என்றாள் ராசம்மா.

"தெரியும்."

சுலக்ஷனா தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்பா, நான் உங்ககூட இன்னும் பேசல. கோவம் போகல."

"போக வேணாம். வச்சிக்க." அவர் சட்டைப் பையைத் தடவினார். பழக்க தோஷம். அதில் புத்தகம் இல்லாமல் போய் நான்கு வருடம் ஆகிறது. "புதுசா ஒரு பேரு வேணுமில்ல, ஒனக்கு? நாளையிலேருந்து நான் சும்மாத்தான் இருப்பேன். நல்லதண்ணிக்குப் போய் நானே வீடு வீடா சொல்றேன். பழைய நோட்டீசையும் ஒவ்வொண்ணா வாங்கிட்டு வாரேன்."

டவுன் மணிக்கூட்டில் பன்னிரண்டு அடித்தது. ராசம்மா மழையைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள். உதட்டோரம் கொஞ்சம் நெளிந்தது.

"பன்னெண்டு மணி. நல்ல மழ. இன்னைக்கு இவருக்கு அரப்பேருதான்."

"முழுப்பேரு போடுங்கம்மா," என்றாள் சுலக்ஷனா.

சொல்லிவிட்டுக் கைத்தொலைபேசியை எடுத்து நல்லதண்ணிக்கு அழைத்தாள். ஊரெல்லாம் நோட்டீஸ் கொடுத்த பேர் கையை விட்டுப் போய்விட்டது என்று வீரய்யா அண்ணனிடம் அவள்தான் சொல்ல வேண்டும்.